மெதுவாக மாறும் மலையைப் படம்பிடிக்க: கமராவுக்கு வீட்டிலேயே ஒரு டைமர்

மண்சரிவு செய்தியாகும்போது மண் விழுந்து முடிந்திருக்கும். அதன் பிறகுதான் கமராக்கள் வரும், அதிகாரிகள் வருவார்கள், அரசியல்வாதிகள் வருவார்கள். அதற்கு முந்திய மாதங்களில் மேட்டில் வெடிப்பு அகன்றதையோ, வேலிக்கட்டை சாய்ந்ததையோ, ஊற்றுத் தண்ணீர் கலங்கலாக வந்ததையோ காட்டும் படம் அநேகமாக எவரிடமும் இருப்பதில்லை.

2025 நவம்பர் 22 ஆம் திகதி பஹல கடுகண்ணாவையில் கொழும்பு - கண்டி பிரதான வீதியோரம் இருந்த கடை மீது மண்ணும் பாறையும் சரிந்து உயிர்கள் பறிபோயின. அடுத்த சில நாட்களில் டித்வா புயல் மலைநாட்டையே புரட்டிப் போட்டது. அதற்கு 11 வருடங்களுக்கு முன்னர், 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது, சனம் லயத்தில் இருந்தது.

மெதுவாக நடக்கும் மாற்றத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்த ஒரு பழைய வழி இருக்கிறது. ஒரே இடத்தில் கமராவை நிறுத்தி, ஒரே அளவான இடைவெளியில் படங்கள் எடுத்து, அவற்றை அடுத்தடுத்து ஓடவிடுவது. டைம்லாப்ஸ் என்று சொல்கிறோம். இதற்குத் தேவையான முக்கிய கருவி, குறித்த இடைவெளியில் கமராவின் பொத்தானை நமக்காக அழுத்தும் ஒரு சின்ன டைமர். நிறுவனச் சம்பளமோ நிறுவனக் கமராவோ இல்லாமல் வேலை செய்யும் என்னைப் போன்ற சுயாதீன ஊடகவியலாளர்களும், தங்கள் ஊரின் மாற்றத்தைப் பதிவுசெய்ய நினைக்கும் எவரும், அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கடுகண்ணாவையில் தங்கியிருந்து நான் செய்து பயன்படுத்தும் கருவியை அடிப்படையாக வைத்து அதன் விபரங்களை இங்கே தருகிறேன்.

கணக்கு முதலில்

காணொளி ஒரு செக்கனுக்கு 25 படங்கள் என்ற வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 10 செக்கன் காணொளிக்கு 250 படங்கள் வேண்டும். 10 செக்கனுக்கு ஒரு படம் எடுத்தால் அந்த 250 படங்களையும் எடுத்து முடிக்க 41 நிமிடங்களும் 40 செக்கன்களும் ஆகும். காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணிவரை அதே இடைவெளியில் எடுத்தால் 4,320 படங்கள். அவை ஏறத்தாழ 173 செக்கன், அதாவது மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவான காணொளியாகச் சுருங்கும். ஒரு படம் 5 மெகாபைட் என்றால் மொத்தம் 21.6 கிகாபைட். 32 கிகாபைட் மெமரி கார்ட் ஒன்று ஒரு நாளுக்குப் போதும்.

இடைவெளியைப் பொருள்தான் தீர்மானிக்கிறது. பள்ளத்தாக்கில் நகரும் மூடுபனிக்கு 5 செக்கன் பொருந்தும். வானத்தில் மெதுவாகப் போகும் மேகத்துக்கு 10 செக்கன். கட்டுமான வேலைக்கு 10 முதல் 15 நிமிடம். மேட்டிலுள்ள வெடிப்புக்கோ அரிக்கப்படும் கடற்கரைக்கோ நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு படங்களே அதிகம். அதற்கு டைமர்கூடத் தேவையில்லை, ஒழுங்காகப் போய்வரும் ஒருவர் போதும். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயிலை 10 செக்கன் இடைவெளியில் எடுக்கப் பார்த்தால் அது ஒரு படத்தில் வந்து அடுத்ததில் காணாமற்போய்விடும். அதற்கு ஒரு செக்கன் இடைவெளி வேண்டும்.

கமராவின் ஆயுளையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் கமராக்கள் பலவற்றின் ஷட்டர் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை இயங்கக்கூடியதாகவே வடிவமைக்கப்படுகிறது. நாளுக்கு 4,320 படங்கள் என்றால் 23 நாட்களில் அந்த எல்லையைத் தொட்டுவிடுவோம். ஆகவே தேவைக்கு மேல் ஒரு படமும் எடுக்காமலிருப்பது நல்லது.

வீட்டில் செய்தவர்கள்

இந்தக் கலையே வீட்டில் செய்த கருவிகளில் வளர்ந்ததுதான். பூ மலர்வதை உலகத்துக்குத் திரையில் காட்டிய பேர்சி ஸ்மித்தின் 'ஒரு பூவின் பிறப்பு' 1910 இல் வெளிவந்தது. இலண்டனில் இருந்த தனது வீட்டிலேயே கைக்குக் கிடைத்த பொருட்களைப் பூட்டித்தான் அவர் தன்னியக்கக் கமராக்களை உருவாக்கினார். பனிப்பாறைகள் உருகுவதைப் பதிவுசெய்ய 2007 இல் ஜேம்ஸ் பாலோக் தொடங்கிய திட்டத்திலும், கடுங்குளிரில் மாதக்கணக்காக நிற்கும் கமராக்களுக்கென்று தனியாக டைமர்கள் செய்யவேண்டியிருந்தது. அந்தப் படங்களைக் கொண்டு 2012 இல் வெளியான ஆவணப்படம் பனிப்பாறைகளின் பின்வாங்கலைச் சாதாரண மக்களுக்கும் விளங்கவைத்தது.

எங்களுக்கும் இது புதிதல்ல. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளை நிறுத்திவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அந்தக் கைகளுக்கு இந்த மின்சுற்று பெரிய விடயமே இல்லை.

கமராவுக்கு வெளியே ஒரு பொத்தான்

எதையும் வாங்குமுன் உங்கள் கமராவின் மெனுவைப் பாருங்கள். நிக்கோனின் பல மாடல்களிலும் புதிய கமராக்கள் பலவற்றிலும் இடைவெளிப் படப்பிடிப்பு உள்ளேயே இருக்கிறது. ஸ்மார்ட் போன்களிலும் உண்டு. இந்தக் கட்டுரை அந்த வசதி இல்லாத பழைய, இரண்டாங்கைக் கமராக்களுக்கானது.

கனன் 600டி, 700டி, 1200டி, 1300டி போன்றவற்றின் பக்கவாட்டில் ரிமோட் வயர் செருகும் சிறிய துளை ஒன்று உண்டு. அதற்கு 2.5 மில்லிமீற்றர் ஸ்டீரியோ ஜாக் பொருந்தும். போன் ஹெட்செட்டின் 3.5 மில்லிமீற்றர் ஜாக்கைவிட இது சிறியது, கடையில் கேட்கும்போது அளவைச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஜாக்கில் மூன்று தொடுகைகள் உள்ளன. நுனி ஷட்டருக்கு, நடு வளையம் குவியத்துக்கு, அடிப்பாகம் பொதுவான தரைக்கு. நுனியும் அடிப்பாகமும் ஒரு கணம் தொட்டுக்கொண்டால் கமரா படம் எடுக்கும். வெளியிலிருந்து கமராவுக்குள் மின்சாரம் எதையும் அனுப்பத் தேவையில்லை, அனுப்பவும் கூடாது.

நமது டைமர் செய்யவேண்டியது அந்தத் தொடுகையை மட்டும்தான். டைமரின் மின்சாரம் கமராவுக்குள் போகாமலிருக்க இரண்டுக்கும் நடுவில் ஒப்டோகப்ளர் என்ற நான்கு காலுள்ள சிறிய சில்லைப் போடுகிறோம். அதனுள்ளே ஒரு பக்கத்தில் குட்டி எல்.ஈ.டி. இருக்கும், மறுபக்கத்தில் அந்த ஒளி பட்டதும் மூடிக்கொள்ளும் சுவிட்ச் இருக்கும். இரு பக்கங்களையும் வெளிச்சம் மட்டுமே இணைக்கிறது. ஆகவே டைமரில் எது பிழைத்தாலும் கமரா தப்பிக்கொள்ளும்.

555 ஐக் கொண்டு செய்வது

கணினி நிரல் எதுவும் எழுதாமல் செய்யக்கூடிய வழி 555 என்ற ஐசி. ஹான்ஸ் கமென்சிண்ட் 1971 இல் வடிவமைத்து, 1972 இல் சிக்னெற்றிக்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும், கண்டி நகரின் இலத்திரனியல் உதிரிப்பாகக் கடைகளிலும் கீழுள்ளவற்றைக் கேட்டு வாங்கலாம்.

தேவையானவை: 555 ஐசி ஒன்று, பிசி 817 ஒப்டோகப்ளர் ஒன்று, 120 கிலோஓம், 10 கிலோஓம், 270 ஓம் தடையிகள் ஒவ்வொன்று, 100 மைக்ரோபரட் 16 வோல்ட் மின்பகு கொள்ளளவி ஒன்று, 0.01 மற்றும் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவிகள் ஒவ்வொன்று, சாதாரண பச்சை எல்.ஈ.டி. ஒன்று, நான்கு ஏஏ பற்றரி போடும் கூடு, சுவிட்ச், 2.5 மில்லிமீற்றர் ஸ்டீரியோ ஜாக், துளைப் பலகை.

ஐசியின் வெட்டு உங்களுக்கு மேலே இருக்கும்படி பிடித்தால் இடது மேல் கால் 1. அங்கிருந்து கீழே இறங்கி, வலப்பக்கமாக மேலே ஏறி எண்ணினால் வலது மேல் கால் 8. இணைப்புகள் இவை:

1. பற்றரியின் நேர் முனை சுவிட்ச் வழியாக 8 ஆம் காலுக்கு. எதிர் முனை 1 ஆம் காலுக்கு.
2. 4 ஆம் கால் 8 ஆம் காலோடு.
3. 120 கிலோஓம் தடையி 8 க்கும் 7 க்கும் நடுவில். 10 கிலோஓம் தடையி 7 க்கும் 6 க்கும் நடுவில்.
4. 6 ஆம் காலும் 2 ஆம் காலும் ஒன்றாக. அங்கிருந்து 100 மைக்ரோபரட் கொள்ளளவியின் நேர்ப்பக்கம். அதன் எதிர்ப்பக்கம் 1 ஆம் காலுக்கு.
5. 0.01 மைக்ரோபரட் 5 க்கும் 1 க்கும் நடுவில். 0.1 மைக்ரோபரட் 8 க்கும் 1 க்கும் நடுவில், ஐசிக்கு நெருக்கமாக.
6. 8 ஆம் காலிலிருந்து 270 ஓம், பிறகு பச்சை எல்.ஈ.டி.யின் நீண்ட கால். அதன் குட்டைக் காலிலிருந்து ஒப்டோகப்ளரின் 1 ஆம் கால் (புள்ளி உள்ள மூலை). ஒப்டோகப்ளரின் 2 ஆம் கால் 555 இன் 3 ஆம் காலுக்கு.
7. ஒப்டோகப்ளரின் 4 ஆம் கால் ஜாக்கின் நுனிக்கு. 3 ஆம் கால் ஜாக்கின் அடிப்பாகத்துக்கு.

சில கமராக்கள் குவியத் தொடுகையும் சேர்ந்தால்தான் விழித்தெழும். லென்ஸ் மனுவல் குவியத்தில் இருக்கும்வரை ஜாக்கின் நுனியையும் நடு வளையத்தையும் ஒன்றாக இணைத்துவிடலாம்.

555 இன் வெளியீடு பெரும்பாலான நேரம் உயர்வாக இருக்கும், குறுகிய நேரம் மட்டும் தாழும். எல்.ஈ.டி.யை நேர்முனைக்கும் 3 ஆம் காலுக்கும் இடையில் வைத்ததால், தாழும் அந்த ஏறத்தாழ 0.7 செக்கனில் மட்டும் அது ஒளிர்ந்து கமராவின் பொத்தான் அழுத்தப்படும். எஞ்சிய நேரம் கமரா ஓய்வில் இருக்கும். இடைவெளியைக் கணக்கிட, பெரிய தடையியோடு சிறிய தடையியின் இரு மடங்கைக் கூட்டி, கொள்ளளவியின் அளவாலும் 0.693 ஆலும் பெருக்குங்கள். மேலுள்ள அளவுகளுக்கு 9.7 செக்கன் வரும். 120 கிலோஓமுக்குப் பதில் 47 கிலோஓம் போட்டால் 4.6 செக்கன், 270 கிலோஓம் போட்டால் 20 செக்கன். மின்பகு கொள்ளளவிகள் அச்சிட்ட அளவுக்கு 20 வீதம்வரை முன்பின்னாக இருப்பது வழமை என்பதால் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

கமராவில் செருகுமுன் பச்சை விளக்கு ஒழுங்காக மின்னுகிறதா என்று பாருங்கள். பிறகு மல்ரிமீற்றரைக் கொண்டு ஜாக்கின் நுனிக்கும் அடிக்கும் இடையே பற்றரியின் வோல்ட் எதுவும் வரவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். இந்த இரண்டு சோதனைகளும் முடியாமல் கமராவைத் தொடவேண்டாம்.

நிமிடக்கணக்கான இடைவெளிக்கு

சில பத்து செக்கன்களுக்கு மேல் போகும்போது 555 நம்பகத்தை இழக்கும். கொள்ளளவியில் கசியும் மின்சாரமே காரணம். 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் அர்டுயினோ நானோ போன்ற சிறு பலகை பொருத்தம். அதன் ஒரு வெளியீட்டுக் காலிலிருந்து 330 ஓம் தடையி வழியாக ஒப்டோகப்ளரின் 1 ஆம் காலுக்கும், ஒப்டோகப்ளரின் 2 ஆம் காலிலிருந்து பலகையின் தரைக்கும் இணைத்தால் வேலை முடிந்தது. நிரலும் எளியது. காலை 0.2 செக்கன் உயர்த்து, தாழ்த்து, அடுத்த நேரம் வரும்வரை காத்திரு. அர்டுயினோவைப் பழகுபவர்கள் முதல் நாளே எழுதும் விளக்கு மின்னும் நிரலில் நேரத்தை மட்டும் மாற்றினால் போதும்.

இதற்குப் பவர் பாங்க் சரிவராது. நானோ எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், ஒன்றும் செருகப்படவில்லை என்று நினைத்துப் பல பவர் பாங்குகள் தாமாகவே நின்றுவிடும். ஆறு ஏஏ பற்றரிகளைத் தொடராக இணைத்து, பலகையில் 'வின்' என்று குறித்துள்ள துளைக்குக் கொடுப்பது நல்லது. பலகை 20 மில்லியம்பியர் அளவில் எடுத்தால் 2,000 மில்லியம்பியர்-மணி கொண்ட பற்றரிகள் நான்கு நாட்கள் தாங்கும்.

பனிக்கும் மழைக்கும் நடுவில்

கடுகண்ணாவையிலிருந்து மேற்கே பார்த்தால் பத்தலேகல பாறையும் அதைச் சுற்றிய பள்ளத்தாக்கும் விரியும். மழை ஓய்ந்த விடியல்களில் பள்ளத்தில் தேங்கும் வெண்பனி வெயில் ஏற ஏறக் கரைந்துபோவதைப் பார்க்கலாம். டைம்லாப்ஸ் பழக இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. நான் சோதனைக்கு எடுத்ததும் அதைத்தான்.

கமராவில் எதையும் தானியங்கியில் விடாதீர்கள். குவியம், ஒளித்துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, வெண்சமநிலை எல்லாவற்றையும் கையால் நிலைப்படுத்துங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு படமும் சற்று வெளிச்சமாகவும் சற்று இருட்டாகவும் வந்து காணொளி துடிக்கும். விடியலில் மட்டும் ஒளி வேகமாகக் கூடுவதால், ஒளித்துளையை நிலைப்படுத்தி ஷட்டர் வேகத்தைக் கமராவிடம் விடலாம். நடுக்கத்தைத் தடுக்கும் வசதியை நிறுத்துங்கள். எடுத்த படத்தைத் திரையில் காட்டுவதையும் நிறுத்தினால் பற்றரி மிஞ்சும்.

மலைநாட்டில் மழையைவிடப் பெரிய எதிரி ஈரப்பதம். குளிர்ந்த லென்ஸில் பனி படிந்தால் அதற்குப் பிறகு வரும் படங்கள் எல்லாம் வெறும் வெள்ளை. கமராவை முன்பே வெளியே வைத்து வெப்பநிலைக்குப் பழகவிடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். முக்காலியின் நடுவில் கல் நிரப்பிய பையைக் கட்டித் தொங்கவிட்டால் காற்றுக்கு ஆடாது.

வயரும் டைமரும் உள்ள ஒரு பெட்டி

இனிச் சொல்வது எந்த வெளிநாட்டுக் கைநூலிலும் இருக்காது. நமது கருவி வயர்கள், பற்றரி, மின்னும் விளக்கு, டைமர் எல்லாம் உள்ள ஒரு பெட்டி. தமிழ்ப் பெயருள்ள ஒருவரின் பையில் அது இருந்தால் இந்த நாட்டில் அதற்கு வேறொரு அர்த்தம் கற்பிக்கப்படலாம். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகம் என்றே கொண்டுவரப்பட்டது. அது எத்தனை வீடுகளின் நிம்மதியைக் கெடுத்தது என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு அநாதரவாகக் கிடக்கும் எந்தப் பையும் பீதியை உண்டாக்கும். அந்தப் பயமும் நியாயமானதே.

ஆகவே கருவியைச் செய்யும்போதே அதை யோசித்துச் செய்யவேண்டும். உள்ளே இருப்பது தெரியும்படியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியில் வையுங்கள். கறுப்பு நாடா சுற்றாதீர்கள். சிவப்பு விளக்குக்குப் பதில் பச்சை போடச் சொன்னது இதனால்தான். 'கமரா டைமர்' என்று மூன்று மொழிகளிலும் எழுதி, உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒட்டுங்கள். பயணத்தில் பற்றரிகளைக் கழற்றி, கமராவோடு ஒரே பையில் கொண்டுபோங்கள். மின்சுற்றின் படத்தை அச்சிட்டு உள்ளே வையுங்கள்.

பொது இடத்தில் கருவியைத் தனியே விட்டுப் போகவேண்டாம். காணிக்காரரிடம் கேளுங்கள், நாட்கணக்கில் வைப்பதென்றால் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லிவையுங்கள். படைமுகாம்கள், சோதனைச் சாவடிகள், மின்நிலையங்கள் சட்டகத்துக்குள் வராமல் பாருங்கள். ரயில் பாதையும் அதன் ஓரமும் ரயில்வே திணைக்களத்துக்குரியவை, அனுமதியில்லாமல் கால் வைக்கக்கூடாது. நான் கருவியை வைப்பதற்கு முன் அயல் வீடுகளுக்குப் போய், பெட்டியைத் திறந்து காட்டி, எடுத்த படங்களையும் காட்டிவிடுவேன். அதற்குச் செலவாகும் அரை மணித்தியாலம், பின்னால் வரக்கூடிய அரை நாள் விசாரணையை மிச்சப்படுத்தும்.

படம் சாட்சியாவது எப்போது?

இறுதிப்போரில் சுயாதீன ஊடகர்கள் உள்ளே போகமுடியாதிருந்தபோது, அமெரிக்க விஞ்ஞான மேம்பாட்டுச் சங்கம் 2009 மே மாதத்தில் பாதுகாப்பு வலயத்தின் செய்மதிப் படங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவர்கள் செய்ததன் சாரம் எளியது. ஒரே நிலத்தை வெவ்வேறு நாட்களில் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது இருந்தது, எது இல்லாமற்போனது என்று பார்த்தார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்துக்கு இருந்த அந்தப் பெறுமதி தரையிலிருந்து எடுக்கும் படத்துக்கும் உண்டு, முறைப்படி எடுத்தால்.

காணொளி பகிர்வதற்கு நல்லது. வழக்கிலோ நட்டஈட்டு விண்ணப்பத்திலோ எடுபடக்கூடியவை அதற்குப் பின்னால் இருக்கும் மூலப் படங்கள்தான். தொடங்குமுன் கமராவின் திகதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். 555 இன் இடைவெளி கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை, ஒவ்வொரு படத்துக்குள்ளும் கமரா தன் நேரத்தை எழுதிவிடுகிறது. மூலக் கோப்புகளைத் திருத்தாமல், பெயர் மாற்றாமல், இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். நடுவில் ஒரு படம் பழுதாக இருந்தாலும் அழிக்கவேண்டாம். எண் வரிசையில் இடைவெளி விழுந்தால் மிச்சப் படங்களிலும் சந்தேகம் வரும். கொப்பி ஒன்றில் இடம், திசை, லென்ஸின் அளவு, முக்காலி நின்ற புள்ளி, அன்றைய மழை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

வெடிப்பைப் படம்பிடிப்பதென்றால் அதன் இரு பக்கத்திலும் ஒவ்வொரு கட்டை அடித்து, நடுவிலுள்ள தூரத்தை அளந்து, அளவுகோலும் படத்தில் தெரியும்படி எடுங்கள். அளவு தெரியாத படத்தில் ஒரு சாணும் ஒரு முழமும் ஒன்றுபோலவே தெரியும். மனிதர்கள் சட்டகத்தில் வந்தால் அவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு ஆபத்து வரலாம் என்றால் பகிராதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கருவி எச்சரிக்கை மணி அல்ல, அதை நம்பி யாரும் மேட்டின் கீழே படுக்கக்கூடாது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே மலைச்சரிவில் இருப்பவர்கள் விழிப்படையவேண்டும் என்றும், 100 ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவேண்டும் என்றும், 150 ஐத் தாண்டினால் உடனே வெளியேறவேண்டும் என்றும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்கிறது. அந்த நேரத்தில் கமராவை விட்டுவிட்டு ஆட்களோடு இறங்குங்கள். இந்தப் பெட்டிக்கு வேலை அதற்கு முந்திய மாதங்களில் இருக்கிறது. வெடிப்பு எப்போது தொடங்கியது, யாருக்கு அறிவிக்கப்பட்டது, அதன் பிறகு அது எவ்வளவு அகன்றது என்று பின்னொரு நாள் கேள்வி வரும்போது, திகதியோடு எடுத்து வைக்க ஊரவர்களின் கையில் ஏதாவது இருக்கவேண்டும்.